உள்ளே யார் பார்க்கப் போறாங்க?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான புலம்பல். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குக் கடையில் மாடல் ஆர்டர் கொடுக்கும் அப்பா அம்மாக்களுக்குப் படித்தால் கோபம் வரும். வரட்டும், வரணும்னுதான் எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் ஆரம்பித்து செம்பூர் வரைக்கும், ஸ்கூலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனரி கடைகளில் எக்ஸிபிஷன் சீசன் வந்தால் ஒரு தனி வியாபாரம் களை கட்டும். 'ப்ராஜெக்ட்' செய்து கொடுப்பது. எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு, ஹெலிகாப்டர். எது வேணுமோ சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரலாம். நாலு நாளில் ரெடி. பையனோ பொண்ணோ அதைக் கீழே போடாமல் ஸ்கூல் வரை தூக்கிக்கொண்டு போனால் போதும். அதுதான் அவர்கள் செய்யும் ப்ராஜெக்ட்.

அந்தக் கடை ஹெலிகாப்டரைப் பார்த்திருப்பீர்கள். தெர்மாகோல் உடம்பு, மேலே பளபளா பேப்பர், பேட்டரி மோட்டாரில் சுத்தும் காத்தாடி. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கலர் பேப்பர் ஒட்டு. உள்ளே? உள்ளேன்னு ஒன்று கிடையவே கிடையாது. தெர்மாகோல்தான்.

ஏழாவது படிக்கும் எங்கள் வீட்டு வாண்டு இந்தத் தடவை காகிதத்தில் ஒரு சேத்தக் ஹெலிகாப்டர் செய்தது. உடம்பு இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. உள்பக்கத்துக்கு மட்டும் ஐந்து ஞாயிறு ஆனது. சீட்டு, பெடல், கட்டுப்பாட்டுக் கம்பி, டயல் பலகை, ஸ்ட்ரெச்சர் என்று ஒவ்வொன்றாக அளந்து, வெட்டி, ஒட்டி. அந்த ஐந்து வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வி கேட்டார்கள். சொசைட்டி செகரட்டரி கேட்டார். மச்சினர் கேட்டார். டியூஷன் மிஸ் கேட்டார். கடைசியில் எக்ஸிபிஷனில் மார்க் போட வந்தவரும் அதையே கேட்டார்.

"உள்ளே யார் பார்க்கப் போறாங்க?"

முதல் பரிசு ஒரு தெர்மாகோல் மாடலுக்குப் போனது. போகட்டும், பரிசு கொடுப்பது அவர்கள் இஷ்டம். எனக்குச் சண்டை அந்தக் கேள்வியோடுதான்.

முதலில் சேத்தக் என்ன வண்டின்னு சொல்லிவிடுகிறேன். (பஜாஜ் ஸ்கூட்டருக்கும் இதே பெயர்தான். இரண்டுக்கும் பெயர் கொடுத்தது ராணா பிரதாப்பின் குதிரை.) 1959ல் பிரான்ஸில் முதலில் பறந்த அலுவெட் 3தான் நம்ம ஊர் சேத்தக். 1960களில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் வாங்கிப் பெங்களூரில் கட்ட ஆரம்பித்தது. 300க்கு மேல் கட்டினார்கள். விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை எல்லாவற்றிலும் ஓடியது. கொலாபாவில் ஐ.என்.எஸ். ஷிக்ரா என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. தென் மும்பையில் வேலை பார்த்தவர்கள் அங்கிருந்து கிளம்பிக் கடல் மேல் போகும் சேத்தக்கைத் தலைதூக்கிப் பார்த்திருப்பார்கள்.

இந்த வண்டியின் விசேஷமே மறைக்க ஒன்றும் இல்லாததுதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கூண்டு. எஞ்சின்கூட மூடி இல்லாமல் முதுகின் மேல் அப்படியே வெளியில் உட்கார்ந்திருக்கும். எங்கே நின்று பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது உள்பக்கம்தான். இதைப் போய் நீல ஜன்னல் ஒட்டிச் செய்தால் அது சேத்தக்கே இல்லை. மீன் தொட்டி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு நாலு பக்கமும் பெயின்ட் அடித்துக் கொடுப்பது மாதிரி.

நெட்டிலிருந்து இறக்கி பிரின்ட் எடுக்கும் காகித மாடல்களிலும் இந்தக் கூத்து உண்டு. பலவற்றில் கண்ணாடி நீலமாகவோ சாம்பலாகவோ அச்சடித்தே வரும். வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. அந்த நீலத்தை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்க வேண்டியதை நாமே அளவெடுத்துச் செய்வதைத்தான் மாடல் கட்டுகிறவர்கள் 'ஸ்கிராட்ச் பில்ட்' என்கிறார்கள். கிட்டில் வராததை நீயே செய். அவ்வளவுதான் அர்த்தம்.

சரி, இப்போது எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

வாதம் 1: "உள்ளே யார் பார்க்கப் போறாங்க?"

தாராவியில் சயான் பக்கம் லெதர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பை வாங்கப் போனால் முதலில் என்ன செய்கிறீர்கள்? ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தையலைப் பார்க்கிறீர்கள். உள்துணி பிரிந்திருந்தால் பையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறீர்கள். ஃப்ளாட் வாங்கப் போனால் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்கிறீர்கள். பணம் நம்முடையது என்றால் உள்ளே பார்க்கிறோம். குழந்தை கற்றுக்கொள்வது என்று வந்தால் மட்டும் 'யார் பார்க்கப் போறாங்க'!

நான் பேங்க்காரன். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் பேலன்ஸ் ஷீட் பார்ப்பவன். எங்கள் தொழிலில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு வார்த்தை உண்டு. மார்ச் 31 அன்றைக்கு மட்டும் கணக்கு அழகாகத் தெரிகிற மாதிரி ஜோடிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் ஜொலிக்கும். உள்ளே காலி.

2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் தலைவரே எழுத்தில் கொடுத்தார், கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லவே இல்லை என்று. அது ஹைதராபாத். நம்ம ஊரிலேயே 2019 செப்டம்பர் 23 அன்று பி.எம்.சி. பேங்க் மேல் ரிசர்வ் பேங்க் தடை போட்டது. ஒரே குழுமத்துக்குக் கொடுத்த கடனை மறைக்க 21,049 போலிக் கணக்குகள் இருந்ததாக வெளிவந்தது. முதலில் ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். அந்த வாரம் கிளை வாசலில் பாஸ்புக்கோடு அழுதுகொண்டு நின்ற பெரியவர்களைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். அத்தனை வருஷமும் நீல ஜன்னலைப் பார்த்து நம்பியவர்கள் அவர்கள்.

ஹெலிகாப்டர் பொம்மைக்கும் பேங்க் மோசடிக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரிங்க. ஆனால் பன்னிரண்டு வயதில் 'வெளியில் தெரிகிற பக்கத்தை மட்டும் ஒப்பேத்தினால் போதும், பரிசு கிடைக்கும்' என்று ஒரு குழந்தைக்கு நாமே பணம் கட்டிச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் குழந்தை நாற்பது வயதில் என்ன செய்யும்?

இன்னொன்றும் இருக்கிறது. ஹெலிகாப்டர் என்பதே உள்ளே இருப்பவருக்காகத்தான். 2018 கேரள வெள்ளத்தில், ஆகஸ்ட் 17 அன்று, ஆலுவா பக்கம் பனிக்குடம் உடைந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிறு விட்டு மேலே தூக்கியது. கொச்சி கடற்படை ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. டிவியில் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு அந்த ஹெலிகாப்டரின் பெயின்ட்டா முக்கியம்? உள்ளே படுக்க இருந்த அந்தக் கொஞ்சம் இடம்தான் முக்கியம். சேத்தக்கில் பின்சீட்டை மடக்கிவிட்டால் இரண்டு ஸ்ட்ரெச்சர் வைக்கலாம். ஸ்ட்ரெச்சர் செய்யும்போதுதான் எங்கள் வாண்டு கேட்டது: "அப்பா, ரெண்டு பேரைப் படுக்க வெச்சா நர்ஸ் எங்க உட்காருவாங்க?" தெர்மாகோல் கட்டியைப் பார்த்து எந்தக் குழந்தையாவது இந்தக் கேள்வி கேட்குமா?

வாதம் 2: "இதனால் என்ன லாபம்? அந்த நேரத்தில் ரெண்டு சேப்டர் மேத்ஸ் போடலாம்."

இது மேத்ஸ் இல்லாமல் வேறு என்ன?

போலந்து நாட்டில் 1957லிருந்து 'மாவி மாடலாஷ்' என்று ஒரு பத்திரிகை. பெயருக்கு அர்த்தம் குட்டி மாடல்காரன். வாங்கி, வெட்டி, ஒட்டினால் விமானம், கப்பல். பிளாஸ்டிக் கிட் எளிதில் கிடைக்காத கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அங்கே பிள்ளைகள் காகிதத்தில்தான் கட்டினார்கள். அவர்கள் விமானத்துக்கு வைத்த 33ல் ஒரு பங்கு என்ற அளவுதான் இன்றைக்கும் காகித மாடல் உலகத்தில் வழக்கம்.

அந்த அளவில் சேத்தக்கைப் போட்டுப் பாருங்கள். நிஜ உடம்பு 10.03 மீட்டர். 33ஆல் வகுத்தால் 30.4 சென்டிமீட்டர், ஓர் அடி ஸ்கேல் நீளம். மேல் விசிறியின் விட்டம் 11.02 மீட்டர், மாடலில் 33.4 சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் அகல சீட்டு 13.6 மில்லிமீட்டர் ஆகும். 8 சென்டிமீட்டர் டயல் 2.4 மில்லிமீட்டர். தசமம், விகிதம், ரவுண்டிங், எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில். தப்பாக வகுத்தால் சிவப்பு மையில் எழுத மிஸ் வேண்டாம், சீட்டு கதவுக்குள் போகாது.

சயின்ஸும் உண்டு. சேத்தக்கில் பைலட் வலது பக்கம் உட்காருவார். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருக்கும் கம்பி (சைக்ளிக்) எந்தப் பக்கம் போகணும் என்பதைச் சொல்லும். சீட்டுக்கு இடது கைப்பக்கம் இருக்கும் கம்பி (காலெக்டிவ்) மேலே ஏற, இறங்க. காலடியில் இருக்கும் பெடல் வால் விசிறிக்கு. பிரெஞ்சு ஹெலிகாப்டர்களில் மேல் விசிறி, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அதனால் உடம்பு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். காலெக்டிவை உயர்த்தினால் மூக்கு இடது பக்கம் இழுக்கும், பைலட் வலது பெடலை மிதித்துச் சமாளிக்க வேண்டும். பல அமெரிக்க ஹெலிகாப்டர்களில் எல்லாமே தலைகீழ். நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைக்கு, அந்த விதிக்காகத்தான் பைலட் காலடியில் ரெண்டு பெடல் இருக்கிறது என்பது பெடலைச் செய்தால்தான் உறைக்கும்.

இதில் அழகு என்னவென்றால், பரிசு வாங்கிய மாடலின் விசிறி எந்தத் திசையில் சுற்றியது என்று கேட்டால், செய்த கடைக்காரருக்கும் தெரியாது, தூக்கி வந்த பையனுக்கும் தெரியாது. பேட்டரியை எப்படிப் போட்டார்களோ அப்படிச் சுற்றும் :-)

வாதம் 3: "இதுக்கெல்லாம் சாமான் எங்கே கிடைக்கும்? ஃபாரின்ல இருந்தால் செய்யலாம்."

அமெரிக்காவில் லூகா இயகோனி-ஸ்டூவர்ட் என்று ஒருவர். 2008ல் ஸ்கூலில் படிக்கும்போது ஒரு போயிங் 777ஐ 60ல் ஒரு பங்கு அளவில் செய்ய ஆரம்பித்தார். உள்ளே ஒவ்வொரு சீட்டும், கழிவறையும், சமையல் இடமும் உண்டு. வருஷக்கணக்கில் அதே வேலை. எந்தக் கம்பெனியின் விமானம் தெரியுமா? ஏர் இந்தியா 777-300ஈஆர்! மூன்று வகுப்புக்கும் விவரமான சீட் வரைபடம் கிடைத்தது என்பதால் நம்ம ஊர் விமானத்தை எடுத்துக்கொண்டார். எதில் செய்தார்? மணிலா ஃபைலில். எங்கள் பேங்கில் லோன் பேப்பர் போட்டுக் கட்டி வைக்கும் அதே சாணிக் கலர் அட்டை. நம்ம விமானத்தின் உள்பக்கத்தை எங்கேயோ இருக்கும் ஒரு பையன், நாம் தினமும் புரட்டும் ஃபைல் அட்டையில் செய்து உலகத்தை வாய் பிளக்க வைத்தான். நாம் தெர்மாகோலுக்கு அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சேத்தக்கின் சாமான் லிஸ்ட் இதோ. எல்லாம் சேர்த்து ஒரு வடா பாவ் பார்ட்டி செலவுகூட ஆகவில்லை.

- தரை, சீட்டு: மணிலா ஃபைல் (கடையில் வாங்கியது. ஆடிட்காரர்கள் கவனிக்கவும்). இரண்டு அட்டையை ஒட்டிக் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி வைத்தால் வளையாது.
- சைக்ளிக்: நிமிர்த்திய ஜெம் கிளிப். காலெக்டிவ்: குண்டூசி. அதன் தலையே கைப்பிடி.
- டயல்கள்: கறுப்பு அட்டையில் வெள்ளை ஜெல் பேனா. லென்ஸ் வைத்துக்கொண்டு முள் வரைந்தால் நிஜமாகவே மிரட்டும்.
- சீட் பெல்ட்: காலி மாத்திரைப் பட்டையின் வெள்ளித்தாள், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறியது.
- ஸ்ட்ரெச்சர்: பல் குத்தும் குச்சி இரண்டு, நடுவில் பேண்டேஜ் துணி.
- கண்ணாடி: புதுச் சட்டை வரும் பெட்டியின் மேல்மூடி. காகிதமோ பிளாஸ்டிக் தாளோ ஒரு பக்கம்தான் வளையும், பந்து மாதிரி வளையாது. அதனால் மூக்கைத் துண்டு துண்டாக வெட்டிச் சட்டத்துக்கு நடுவில் ஒட்டணும்.
- வெட்டிய ஓரம் எல்லாம் வெள்ளையாகப் பல்லிளிக்கும். ஸ்கெட்ச் பேனாவால் அதே கலரைத் தடவ மறக்கக்கூடாது.
- முக்கியம்: வால் நீளம். முன்பக்கம் எடை இல்லாவிட்டால் மாடல் பின்பக்கம் குந்தி உட்கார்ந்துவிடும். பைலட் தரைக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டவும். உடம்பை மூடிய பிறகு ஞாபகம் வந்தால் பிரயோஜனம் இல்லை. உள்ளே என்ன வேண்டும் என்பதை மூடுவதற்கு முன்னால் யோசிக்கணும் என்பதும் ஒரு பாடம்தான்.

இப்போது கோபம் வரும் பகுதிக்கு வருகிறேன்.

சாமானும் நேரமும் சும்மா சாக்கு. கையால் செய்கிற வேலை என்றால் நமக்கு ஓர் இளக்காரம். இந்த ஊருக்கு வந்த தமிழர்களில் ஒரு பகுதி பேனாவோடும் டைப்ரைட்டரோடும் வந்து மாட்டுங்காவில் தங்கியது. இன்னொரு பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் தங்கியது. நடுவில் ஒரு ரயில்வே லைன்தான். அந்தப் பக்கம் எங்கள் அண்ணாச்சிமார் வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோலின் நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எது என்று தொட்டாலே தெரியும். இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு பிளேடு பிடிக்கத் தெரியாது. "கையைக் கிழிச்சுக்குவான், வேண்டாம்" என்று கடையில் ஆர்டர் கொடுக்கிறோம். அந்தக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து நம் பிள்ளையின் ப்ராஜெக்டைச் செய்பவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். கை அவனுடையது, பரிசு நம்முடையது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லையா?

1937ல் வார்தாவில் காந்தி கைத்தொழில் வழியாகக் கல்வி என்று சொன்னபோது நம் ஆட்கள் பலர் முகம் சுளித்தார்கள். காந்தி வேண்டாம் என்றால் ஐ.ஐ.டி.காரர் ஒருவரைச் சொல்கிறேன், அதற்குத்தானே மயங்குவோம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, குப்பையில் போகும் சாமானில் விஞ்ஞானப் பொம்மை செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே 6 முதல் 8 வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், குயவர் போன்றவர்களிடம் போய்ப் பழகணும் என்று எழுதியிருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து தாராவி கும்பார்வாடா நடந்து போகும் தூரம். எத்தனை பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சக்கரம் சுற்றுவதைக் காட்டியிருக்கிறோம்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் பதிலாக அப்பாவே ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பிரமாதமாகச் செய்து கொடுப்பதும் அதே மோசடிதான். கடைக்காரருக்குக் காசு மிச்சம், அவ்வளவே வித்தியாசம். பிளேடு குழந்தை கையில் இருக்கணும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, அடியில் வைக்க அட்டை கொடுத்து, விரலைப் பார்த்துக்கொண்டால் போதும். சீட்டு கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

நிஜ வண்டியைப் பார்க்க ஆசை வந்தால் கோவாவில் டாபோலிம் பக்கம் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998லிருந்து நடக்கிறது. சேத்தக் ஒன்று நிற்கிறது. பீச்சுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, எக்ஸிபிஷனில் மார்க் போடப் போகும் ஆசிரியர்களுக்கும், அங்கே போய் போட்டோ எடுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். ஹெலிகாப்டர் மாடலுக்கு முன்னால் நின்றால் "ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அந்தக் குழந்தையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

"கதவைத் திற."